தன்பாலீர்ப்பு கொண்ட விளையாட்டு வீரர்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மாவட்ட விளையாட்டரங்கு ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் தடகளப் பயிற்சியாளராக இருந்தேன். என்னிடம் 400 மீட்டர் ஓடிய பையன் ஒருவன், வேலை கிடைத்துப் போய்ப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மாலை வந்தான். கேலரிப் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கு ஆண்களிடம்தான் ஈர்ப்பு என்று சொன்னான். "உங்களிடம் இருந்த ஆறு வருடமும் இதைச் சொல்லப் பயந்தேன் சார்" என்றான். அந்தப் பயத்தில் எனக்கும் பங்கு உண்டு. கடைசி நூறு மீட்டரில் சுணங்குகிற பையன்களைப் பார்த்து, "பொம்பளை மாதிரி ஓடாதே" என்று சத்தம் போடுகிறவனாகத்தான் நான் இருந்தேன்.

அதன் பிறகு நிறையப் படித்தேன், நிறையப் பேரிடம் கேட்டேன். அவன் சொல்லித் தெரிந்துகொண்டு வீரர்களும், தாய்மார்களும், சக பயிற்சியாளர்களும் என்னைத் தேடி வந்தார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

தன்பாலீர்ப்பு என்றால் என்ன சார்? திருநங்கை என்பதும் அதுவும் ஒன்றா?

இல்லை. ஆணுக்கு ஆண் மீதோ, பெண்ணுக்குப் பெண் மீதோ காதலும் ஈர்ப்பும் வருவது தன்பாலீர்ப்பு. அப்படிப்பட்ட ஆண், தன்னை ஆணாகவே உணர்கிறார். திருநங்கை என்பது ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பதைப் பற்றியது. ஒன்று யாரை நேசிக்கிறோம் என்பது, மற்றொன்று நாம் யார் என்பது.

'ஓரினச்சேர்க்கை' என்ற சொல்லை இன்னும் பலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஒரு மனிதரின் காதலையும் ஏக்கத்தையும் விட்டுவிட்டு, உடலுறவை மட்டும் பிடித்துக்கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால் தமிழ்நாடு அரசு 2022-ல் இதற்கெல்லாம் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

விளையாட்டு விடுதியில் பையன்களோடேயே விட்டதால்தான் என் மகன் இப்படி ஆகிவிட்டானா?

இல்லை அம்மா. அதே விடுதியில், அதே அறையில் வளர்ந்த மற்ற பையன்களில் பெரும்பாலானோர் பெண்களைக் காதலித்துத் திருமணம் செய்துகொண்டு போயிருக்கிறார்கள். விடுதி ஒருவருடைய ஈர்ப்பை மாற்றாது. உங்கள் வளர்ப்பும் காரணமில்லை, நீங்கள் அவனைப் பிரிந்திருந்ததும் காரணமில்லை.

இது நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-ல் இதையே வெளிப்படையாகச் சொன்னது.

சாந்தி, டுட்டீ சந்த் விஷயமெல்லாம் இதுதானே?

இரண்டையும் சேர்த்துக் குழப்புவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அது பிறவியிலேயே உடலில் அமைந்த வேறுபாடு பற்றியது. யாரைக் காதலிக்கிறார் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

ஒடிசாவைச் சேர்ந்த டுட்டீ சந்த் வாழ்க்கையில் இரண்டும் வந்தன. 2014-ல் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஆண்மை இயக்குநீர் அதிகம் என்று காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டார். சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015-ல் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதம், தன் ஊர்ப் பெண் ஒருவரைக் காதலிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். முதலாவது உடல் பற்றிய வழக்கு. இரண்டாவதுதான் இந்தக் கேள்விகளோடு சேர்ந்தது.

விளையாட்டில் இப்படி யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒருவரைக்கூடத் தெரியாதே.

தெரியும், தம்பி. நீ பார்த்திருக்கிறாய், கவனித்திருக்க மாட்டாய். 2023-ல் முதல் மகளிர் பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 60 ஓட்டங்கள் எடுத்து மும்பை இந்தியன்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் நாட் சிவர்-பிரன்ட். பெயரின் பின்பாதியான பிரன்ட், அவர் 2022-ல் மணந்த கேத்ரின் பிரன்டின் பெயர். கேத்ரின் இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளராக இருந்தவர். அதே இறுதியில் எதிரணியான டெல்லியில் ஆடிய மரிசான் காப், தென்னாப்பிரிக்க அணியில் தன் தலைவியாக இருந்த டேன் வான் நீக்கெர்க்கை 2018-ல் மணந்தவர். நம் நாட்டு மைதானத்தில், நம் வீட்டுத் தொலைக்காட்சியில் அவர்கள் ஆடினார்கள். ஆட்டத்துக்கு என்ன குறை வந்தது?

ஆண்களில், நீச்சல் குளத்தில் குதிக்கும் டைவிங் வீரர் டாம் டேலி 2013-ல் ஒரு காணொளியில் சொன்னார். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அவருக்கு முன்பே ஆஸ்திரேலியாவின் மாத்யூ மிட்சம், தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் 2008-ல் பெய்ஜிங் போனார். அந்த ஒலிம்பிக்கில் மற்ற ஏழு டைவிங் தங்கத்தையும் சீனா வாங்கியது. எட்டாவதை இவர் வாங்கினார். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜேசன் காலின்ஸ் (2013), இங்கிலாந்தின் கிரிக்கெட் விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் (2011), வேல்ஸ் ரக்பி அணித் தலைவராக இருந்த கேரத் தாமஸ் (2009) என்று பட்டியல் நீளும். ஆனாலும் பெண்கள் விளையாட்டோடு ஒப்பிட்டால் ஆண்கள் பட்டியல் சிறியதுதான். ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கெடுபிடி ஆண்கள் உடைமாற்றும் அறையில்தான் மிக அதிகம்.

சட்டப்படி இது குற்றமா? சான்றிதழைப் பறிப்பார்களா? விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை போய்விடுமா?

குற்றமில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு வயதுவந்தவர்களின் சம்மதமான உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, ஒருவரின் பாலீர்ப்பு அவருடைய அந்தரங்க உரிமையில் அடங்கும் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஓடி வாங்கிய சான்றிதழ் ஓடியதற்காகத் தரப்பட்டது, அதை இந்தக் காரணத்துக்காக யாரும் திரும்ப வாங்க முடியாது. வேலை விண்ணப்பத்தில் யாரைக் காதலிக்கிறாய் என்ற கேள்வியும் கிடையாது. ஒலிம்பிக் சாசனத்தின் அடிப்படைக் கொள்கைகளில், பாகுபாடு கூடாது என்ற பட்டியலில் 2014 முதல் பாலீர்ப்பும் இருக்கிறது.

திருமணம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் இணையர் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பத்தார் பிடித்துவைத்திருந்த ஓர் இளம்பெண்ணை அவர் தோழியோடு போகவிட்டது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அடைத்துவைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை அறிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான் இலங்கையில் விளையாடுகிறேன். மலேசியாவில் இருக்கும் நண்பனும் இதையே கேட்கிறான். எங்களுக்கும் இந்தத் தீர்ப்புகள் பொருந்துமா?

பொருந்தாது. இதைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365, 365அ பிரிவுகளும், மலேசியாவின் 377அ பிரிவும் இன்னும் இருக்கின்றன. இலங்கைப் பிரிவுகளை மாற்றும் மசோதா அரசமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது, ஆனால் சட்டம் மாறவில்லை. சிங்கப்பூர் தன் 377அ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டது. ஆகவே நீங்கள் இருவரும் வெளியே சொல்வதற்கு முன் இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். கோழைத்தனம் என்று இதை யாரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

மறைத்துக்கொண்டு விளையாடினால் என்ன நஷ்டம்? ஓடுவது கால்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு அந்தப் பையன் தன் ஒரு நாளை எனக்கு விவரித்தான். காலை ஐந்தரைக்கு மைதானத்துக்கு வரும்போதே, நேற்று யார் என்ன கேட்டார்கள், தான் என்ன பொய் சொன்னோம் என்று நினைவில் ஓட்டிப் பார்த்துக்கொள்வானாம். உடை மாற்றும்போது எங்கே பார்ப்பது என்று யோசிக்க வேண்டும். மற்றவர்கள் காதலியைப் பற்றிப் பேசும்போது சிரிக்க வேண்டும், ஆனால் அளவோடு. கைப்பேசியைக் கவிழ்த்தே வைக்க வேண்டும். போட்டிக்கு வெளியூர் போனால், அறைப் பட்டியலில் தன் பெயரோடு யார் பெயர் இருக்கிறதோ என்ற கவலையில் முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். தூக்கம் போனவன் மறுநாள் 400 மீட்டரில் கடைசி வளைவில் என்ன செய்வான்? அவனை நான் சோம்பேறி என்று திட்டினேன்.

பெரிய வீரர்களுக்கும் இதேதான். நீச்சலில் ஐந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற இயன் தோர்ப், தான் தன்பாலீர்ப்பு கொண்டவர் அல்ல என்று பல ஆண்டுகள் மறுத்துக்கொண்டே இருந்தார். 2014-ல்தான் உண்மையைச் சொன்னார். நடுவில் கடுமையான மன அழுத்தத்தோடு போராடினார். இங்கிலாந்தின் பிளாக்பூல் கால்பந்து வீரர் ஜேக் டேனியல்ஸ் 2022-ல், பதினேழு வயதில் வெளிப்படையாகச் சொன்னவர். அம்மாவிடமும் அக்காவிடமும் சொன்ன மறுநாள் ஓர் ஆட்டத்தில் நான்கு கோல் அடித்ததாக அவரே பேட்டியில் சொன்னார். எல்லோருக்கும் நான்கு கோல் வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மனத்தில் சுமந்தது கீழே இறங்கினால் கால் இலேசாகும் என்பதை ஒரு பயிற்சியாளனாக நான் நம்புகிறேன்.

அப்படியானால் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டுமா?

வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு இரண்டு பேர் அவசரப்பட்டார்கள். வெளியே சொல்வது உன் உரிமை, கடமை அல்ல. பயிற்சியாளருக்கோ, சங்கத்துக்கோ, ரசிகர்களுக்கோ, இந்த இயக்கத்துக்கோ நீ கடன்படவில்லை.

ஜஸ்டின் ஃபஷானுவின் கதையை மறக்கக் கூடாது. 1981-ல் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட முதல் கறுப்பினக் கால்பந்து வீரர் அவர். தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் கூடும் மதுவிடுதிகளுக்கு அவர் போகிறார் என்று தெரிந்ததும் மேலாளர் பயிற்சிக்கே வரவிடாமல் தடுத்தார். 1990-ல் வெளிப்படையாகச் சொன்னபோது சொந்தத் தம்பியே பகிரங்கமாக அவரைக் கைவிட்டார். 1998-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கிலாந்தின் ஆடவர் தொழில்முறைக் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் வாய் திறக்க 32 ஆண்டுகள் ஆயின. அவர்தான் ஜேக் டேனியல்ஸ். ஃபஷானுவிடம் துணிச்சல் குறைவாக இல்லை. அவர் சொன்ன நேரத்தில் பக்கத்தில் நிற்க ஆள் இல்லை.

சரி, சொல்வது என்று முடிவெடுத்தால் யாரிடம் முதலில்?

ஒருவரிடம். ஸ்டீவன் டேவிஸ் முதலில் குடும்பத்தாரிடமும், பிறகு அணியிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் பத்திரிகைக்குப் போனார். கேரத் தாமஸ் 2006-ல் ஒரு பயிற்சியாளரிடம் அழுதபடி சொன்னார். அந்தப் பயிற்சியாளர் நம்பிக்கையான இரண்டு சக வீரர்களை மட்டும் துணைக்குச் சேர்த்தார். உலகம் அறிந்தது மூன்று ஆண்டுகள் கழித்து.

நம் ஊரில் சிலவற்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். நீ சாப்பிடுவதும் தூங்குவதும் யார் பொறுப்பில்? விடுதியிலோ வீட்டிலோ இருந்தால், கோபத்தில் வெளியேற்றினால் ஒரு மாதம் தங்க இடம் இருக்கிறதா? மூலச் சான்றிதழ்கள் உன் கையில் இருக்கின்றனவா, பயிற்சியாளரின் அலமாரியில் இருக்கின்றனவா? தேர்வுப் போட்டிக்கு முந்தைய வாரம் சொல்லாதே. முதலில் சொல்லப் போகிறவர் மற்றவர்களின் ரகசியத்தை உன்னிடம் வந்து சொல்கிறவராக இருந்தால், அவரிடம் சொல்லவே சொல்லாதே.

என் அணித் தோழன் என்னிடம் சொல்லிவிட்டான். முகாமில் ஒரே அறையில் படுக்கிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?

நேற்றுவரை என்ன செய்தாயோ அதையே. ஆண் மீது ஈர்ப்பு என்றால் எல்லா ஆண்கள் மீதும் ஈர்ப்பு என்று பொருளில்லை. நீ பார்க்கிற எல்லாப் பெண்களையும் நீ காதலிப்பதில்லை அல்லவா? அவன் உன்னை நம்பித் தன் வாழ்க்கையை உன் கையில் வைத்திருக்கிறான். அதை மூன்றாவது ஆளிடம் சொல்லாதே, நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லாதே. அறை மாற்றிக் கேட்காதே. காரணம் கேட்பார்கள், பதில் வெளியே போய்விடும்.

அணியில் யாராவது கேலி பேசினால், அவன் பெயரை எடுக்காமல் "இந்தப் பேச்சு வேண்டாமடா" என்று சொல். அது போதும்.

எனக்கும் ஒருவர் கிடைப்பாரா அண்ணா? பயிற்சி, முகாம், போட்டி என்றே போகிறது. பதக்கம் வாங்கினால் கட்டிப்பிடிக்க ஆளில்லை.

என்னிடம் வந்த கேள்விகளில் மனத்தை அதிகம் தொட்டது இதுதான். ஒலிம்பிக் பேட்டிகளில் வீரர்கள் சட்டென்று கேலரியைத் தேடுவதைப் பார்த்திருப்பாய். அந்தப் பார்வை போய்ச் சேர ஒரு முகம் வேண்டும் என்று நீ ஏங்குவது பலவீனம் இல்லை.

கிடைப்பார். ஆனால் விளையாட்டுக்காரனின் காதலுக்குப் பொதுவாகவே நேரம் குறைவு, உனக்கு இடமும் குறைவு. நியூசிலாந்தின் ஏமி சாட்டர்த்வெய்ட்டும் லீ டஹுஹுவும் ஒரே கிரிக்கெட் அணியில் பழகி 2017-ல் மணந்தார்கள். ஏமி மகப்பேற்று விடுப்பு எடுத்து, 2020-ல் குழந்தை பிறந்த பின் மீண்டும் களத்துக்கு வந்தார். அணிக்குள்ளேயே காதல் அமைவது அரிது, முறிந்தால் இரண்டு மடங்கு வலி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் இருப்பவர்கள் ஒன்றுகூடும் குழுக்கள் இருக்கின்றன. முதலில் காதலரைத் தேடாமல் நண்பர்களைத் தேடு. உன்னைப் போன்ற நாலு பேரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும் ஒரு மாலையே உனக்கு எவ்வளவோ தெம்பு தரும்.

கைப்பேசிச் செயலிகளில் பழகுவதென்றால் அணிச் சீருடைப் படத்தைப் போடாதே. முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் இருக்கட்டும். போகுமிடத்தை ஒரு நண்பரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

அப்படிப் பழகிய ஒருவன் என் படத்தை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறான். சங்கத்துக்கு அனுப்பிவிடுவேன் என்கிறான்.

பணம் கொடுக்காதே. ஒருமுறை கொடுத்தால் நிற்காது. செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வை. மிரட்டிப் பணம் பறிப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவின்படி குற்றம். அந்தரங்கப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தனிக் குற்றம். சைபர் குற்ற உதவி எண் 1930. இந்த விஷயத்தில் குற்றவாளி அவன், நீ அல்ல. நீ செய்தது குற்றமில்லை என்பதற்கான தீர்ப்பு மேலே இருக்கிறது.

டுட்டீ சந்தும் மிரட்டலுக்கு ஆளானவர்தான். குடும்பத்துக்குள்ளிருந்து வந்த நெருக்கடியால்தான் வெளியே சொல்ல நேர்ந்தது என்று அவரே சொன்னார். சொன்ன இரண்டே மாதத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார்.

என் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆனால் அறைக்குத் தனியாக வரச் சொல்கிறார்.

போகாதே. இதில் காதலும் இல்லை, ஆதரவும் இல்லை. உன் ரகசியத்தையும் அணித் தேர்வையும் கையில் வைத்துக்கொண்டு செய்கிற வன்முறை இது. உனக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை என்றால், ஆணானாலும் பெண்ணானாலும் போக்சோ சட்டம் உன்னைப் பாதுகாக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. புகார் கொடுக்க உன் பாலீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தேவையில்லை.

வயதுவந்த ஆண்களுக்குச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 377 முழுவதுமாக விடுபட்டதால், வயதுவந்த ஆண் மீதான பாலியல் வன்முறைக்கு நேரடியான பிரிவே இல்லாமல் போனது. இது என்னைக் கோபப்படுத்துகிறது. இருந்தாலும் மிரட்டல், காயம், சட்டவிரோதமாக அடைத்துவைத்தல் ஆகியவற்றின் கீழ் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகாமல் ஒரு வழக்கறிஞரோடு போ.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இல்லையென்றால் டாக்டரிடம் காட்டி மாற்றிவிடலாம் என்கிறார்கள்.

மாற்ற முடியாது. மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவர் தவறு செய்கிறார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, இப்படிப்பட்ட 'சிகிச்சை'யைத் தடைசெய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவிட்டார். தனக்கே இதில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு எழுதிய தீர்ப்பு அது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த நீதிபதி செய்ததை நம் வீட்டுப் பெரியவர்களும் செய்யலாம்.

திருமணம் பற்றி: கேரத் தாமஸ் ஒரு பெண்ணை மணந்திருந்தார், அவர்மீது உண்மையான அன்பும் வைத்திருந்தார். இருவருமே உடைந்தார்கள். உங்கள் மகனுக்காக இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைக்காதீர்கள்.

டுட்டீ சந்த் ஊக்கமருந்தில் மாட்டினாரே. இவர்களை முன்னுதாரணமாகச் சொல்லலாமா?

2023-ல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். உண்மைதான், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஊக்கமருந்தில் சிக்கிய இந்திய வீரர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பெண்ணை மணந்த ஆண்களைப் பார்த்து, "பார், அதனால்தான்" என்று நாம் சொல்வதில்லை. அவர் தவறு செய்தால் தண்டனை அந்தத் தவறுக்கு. 2019-ல் அவர் காட்டிய துணிச்சலின் கணக்கு வேறு.

ஓடுவதையே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. சில நாள் அதைவிட மோசமாகவும் தோன்றுகிறது.

இன்றைக்கே பேசு. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஓடுவதை விடுவது பற்றி அடுத்த மாதம் முடிவெடுத்துக்கொள்ளலாம். காயம்பட்ட தசையோடு யாரும் ஓட்டத்தைக் கைவிடும் முடிவை எடுப்பதில்லை, முதலில் ஆற விடுகிறோம்.

என் மைதானத்தில் அப்படி யாரும் இல்லை. ஒரு பயிற்சியாளராக நான் ஏதாவது செய்ய வேண்டுமா?

என் மைதானத்திலும் யாரும் இல்லை என்றுதான் ஆறு ஆண்டுகள் நினைத்திருந்தேன். முதல் வேலையாக, பெண்ணோடு ஒப்பிட்டுத் திட்டுவதை நிறுத்துங்கள். கால் தூக்கவில்லை என்றால் கால் தூக்கவில்லை என்று சொல்லுங்கள். "எப்போது கல்யாணம், யார் அந்தப் பெண்" என்று வீரர்களைச் சீண்டாதீர்கள். மூலச் சான்றிதழ்களை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். யாராவது வந்து சொன்னால், "சொன்னதற்கு நன்றி, நாளை ஐந்தரைக்கு வந்துவிடு" என்று சொல்லுங்கள். மறுநாள் ஐந்தரைக்கு நீங்களும் அங்கே இருங்கள்.

உங்களிடம் சொன்ன அந்த அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

மூத்தோர் தடகளத்தில் ஓடுகிறான். அப்பா இன்னும் பேசுவதில்லை. அம்மா பேசுகிறார், கூட இருக்கும் நண்பரைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார். சென்ற முறை ஊருக்கு வந்தபோது இருவரும் மைதானத்துக்கு வந்தார்கள். அவன் ஓட, அந்த நண்பர் என் நிறுத்துக்கடிகாரத்தை வாங்கி நேரம் எடுத்தார். பொத்தானை அழுத்தத் தாமதித்துவிட்டார், மறுபடி ஓடச் சொன்னோம்.